சுண்ணாம்பு தடவிய கற்கள்

செல்வி,

ஒரே அறையில் இருந்துகொண்டு அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாம் பேசிக்கொள்ளவில்லை. “சோறு இருக்கு”, “கதவைச் சாத்து” என்பதெல்லாம் பேச்சில் சேராது. வாயைத் திறந்தால் நான் கத்துவேன், நீ அழுவாய், கீழே பூக்கடையில் இருப்பவர்கள் மாலை கட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் நீ பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போன நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதி உன் கூறைப்புடவை மடிப்புக்குள் வைக்கப் போகிறேன். அதை எப்படியும் தினம் இரண்டு முறை எடுத்துப் பார்க்கிறாய். படித்துவிட்டுக் கோபம் வந்தால் வரட்டும். எனக்கும் நாலு நாளாக வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஞாயிறன்று மாப்பிள்ளையின் அத்தை வந்திருந்தார். தாயில்லாத பிள்ளையை வளர்த்து, தஞ்சோங் பகார் துறைமுக ஆபீசில் கிளார்க்காக உட்கார வைத்தவர். நல்ல மனுஷி, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு, தேநீரை ஆற்றியபடி சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்க லா. பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால ஓவர்சியர்னு ஒரு வார்த்தை போட்டுட்டா, எங்க ஆபீஸ்காரங்க பாக்கறப்போ கொஞ்சம் நல்லா இருக்கும்.” நான் பதில் யோசிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது. “ஆமா, அவரு எதுல தவறிப்போனாரு?” நீ பலகாரத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாய். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: “காய்ச்சல்ல, பெரியம்மா.” எவ்வளவு சரளமாக வந்தது அந்தச் சொல். அவர் உச்சுக்கொட்டினார். கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆரத்தி எடுக்கறதுக்கெல்லாம் எங்க பக்கத்துல சுமங்கலிங்க நாலு பேர் இருக்காங்க. நீங்க பின்னாடி நாற்காலில உக்காந்து நிம்மதியா பாருங்க” என்றார். நான் தலையாட்டினேன். அப்படித் தலையாட்டியதை நினைத்தால் உன் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் அதிகம் வருகிறது.

உன் அப்பா காய்ச்சலில் சாகவில்லை. இது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பத்து வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நாலு மைல் நடந்து அதைத் தெரிந்துகொண்டவள் நீ. அப்படியிருந்தும் சொன்னாயே என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. ஆனால் இந்தக் கடிதம் முடிவதற்குள் என் குற்றத்தையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் முதலிலிருந்து வருகிறேன், நீ அவசரப்படாமல் படி.

உன் அப்பா தண்ணீர் இலாகாவில் லைன்மேன். காலையில் ஆறு மணிக்கு மெக்கன்சி ரோட்டில், மௌண்ட் எமிலி மேட்டின் அடியில் இருக்கும் பழைய பம்பு வீட்டருகே கிளம்புவார். புக்கிட் தீமா ரோடு, நியூட்டன், தாம்சன் ரோடு என்று நடந்து நீர்த்தேக்கம் வரை போவார். பூமிக்கடியில் போகும் குழாயில் எங்காவது ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பார்ப்பது என்றேன், உண்மையில் கேட்பதுதான் வேலை. மார்பளவு உயரத்தில் ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் மரக்குமிழ். கம்பியைத் தரையில் ஊன்றிக் குமிழில் காதை வைத்தால், அடியில் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா, கசிகிறதா என்று தெரியுமாம். வீட்டுக்கு வந்ததும் அந்தக் குமிழை உன் வயிற்றில் வைத்து, “ரெண்டு இட்லிதான் போயிருக்கு, மூணாவது எங்க?” என்று கேட்பார். நீ சிரித்துச் சிரித்துப் பாயில் உருளுவாய். உனக்கு ஞாபகம் இருக்கும்.

இரும்புக் குழாய் வருவதற்கு முன்னால், வெள்ளைக்காரன் முதன்முதலில் இந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவந்தபோது கட்டிய செங்கல் கால்வாய் ஒன்று அதே வழியில் மண்ணுக்கடியில் கிடந்தது. ஓர் ஆள் தவழ்ந்து போகலாம், அவ்வளவு பெரிது. குடிதண்ணீர் அதில் போவது நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனால் மழைத்தண்ணீர் புகுந்து செங்கல் இடிந்தால் மேலே இருக்கும் தரை உள்வாங்கும். அதற்காக, முன்பு இருந்த ஒரு துரை உன் அப்பாவிடம், அதையும் ஒரு காது கேட்டுக்கொண்டு போ என்று சொல்லியிருந்தார். சொன்னதோடு சரி, காகிதத்தில் எழுதவில்லை. அவர் கப்பலேறிச் சீமைக்குப் போய்விட்டார். உன் அப்பா மட்டும் வருடக்கணக்காக அந்த வாய்ச்சொல்லுக்கு நடந்துகொண்டிருந்தார். அதற்காக யாரும் அவருக்கு ஒரு வெற்றிலைகூட மடித்துக் கொடுத்ததில்லை.

வெற்றிலை என்றதும் சுண்ணாம்பு ஞாபகம் வருகிறது. அவருக்கு வாய் சும்மா இருக்காது. வெற்றிலைக்குத் தடவியது போக விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை எங்கே துடைப்பார்? குவாட்டர்ஸ் கதவு நிலையில். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நிலையைக் கழுவி மஞ்சள் பூசுவேன், திங்கட்கிழமைக்குள் மஞ்சளுக்கு மேல் வெள்ளை வெள்ளையாக நாலு இழுப்பு இருக்கும். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட அந்த வாரம், திங்கட்கிழமை சாயங்காலம், எனக்குப் பொறுமை போய்விட்டது. “இது வீடா, மாட்டுக் கொட்டாயா? இன்னொரு தடவ விரல் பட்டுச்சுன்னா உங்க வெத்தலப் பெட்டிய தூக்கி லோங்காங்ல போட்டுடுவேன். கூடவே நீங்களும் போங்க” என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி தாயே, வீட்டுல தடவல. வெளியில போயி தடவிக்கிறேன்” என்றார். மறுநாள் மத்தியானம் அவரை ஒரு லோங்காங்கில்தான் கண்டெடுத்தார்கள். மழைத்தண்ணீர் போகும் பெரிய சாக்கடைக் கால்வாய், தலை குப்புறக் கிடந்தாராம். நான் வாயால் சொன்ன இடத்திலேயே கிடந்தார். இத்தனை வருடத்தில் இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

ஓவர்சியர் வந்து, காகிதத்தில் எழுதியிருப்பதைத் தமிழில் சொன்னான். தாம்சன் ரோட்டிலிருந்து கால் மைல் உள்ளே, சீனர்கள் குடிசை போட்டு வாழும் ஒரு கம்பத்துக்குப் பின்னால், வேலை எல்லைக்கு வெளியே, குடிபோதையில் விழுந்து இறந்தார் என்று இருந்தது. அந்தக் கம்பத்தில் சம்சுச் சாராயம் விற்கும் வீடு ஒன்று இருந்ததாம். அவ்வளவுதான் சாட்சி. தமிழ்க்கூலி ஒருவன் சாக்கடையில் செத்துக் கிடந்தால் அவன் குடித்திருக்க வேண்டும், இதற்குமேல் விசாரிக்க என்ன இருக்கிறது? உன் அப்பா குடிக்காதவர் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் தேக்கா கள்ளுக்கடையில் இரண்டு மரக்கட்டைக் குவளை குடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாட்டுப் பாடிவிட்டுத் தூங்குவார். அவர் குடித்தது சனிக்கிழமைகளில். செத்தது செவ்வாய்க்கிழமை, பகல் பத்து மணிக்கு.

இந்தக் கணக்கை நான் அன்றைக்கே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நான் நம்பினேன், செல்வி. முந்தின நாள் நான் திட்டியதில் மனசு உடைந்து குடிக்கப் போயிருப்பார் என்று எனக்குள்ளேயே ஒரு கதை கட்டிக்கொண்டேன். அந்தக் கதையில் நானும் குற்றவாளி, அவரும் குற்றவாளி. யார் மேல் அழுவது என்று தெரியாமல் போனதால், கொண்டுவந்து கிடத்தியபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத் தொடவில்லை. பக்கத்துக் குவாட்டர்ஸ் பெண்கள் என்னைப் பிடித்துத் தள்ளினார்கள், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். ஓர் ஓவர்சியர் எழுதிய ஒற்றை வரிக்காகப் பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவரை முகம் பார்க்காமல் அனுப்பினேன். உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இருக்கும் தகுதி இந்தத் தவறுதான்.

மாதக் கடைசியில் குவாட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், அதுவும் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கதவு நிலையில் இருந்த சுண்ணாம்பைத் தேங்காய்த் தொட்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை தடவியதுதான் கடைசி. அது வரவே மாட்டேன் என்றது. நீ பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று வாரமாக வாய் திறக்காதவள், திடீரென்று சொன்னாய்: “அப்பா கல்லுலயும் இப்படித்தாம்மா தடவுவாரு.” எந்தக் கல் என்றேன். “பம்பு வீட்டுக் கல்லு. கம்பி வச்சுக் கேப்பாரு, அப்புறம் வெத்தல போடுவாரு, அப்புறம் கல்லுல தடவுவாரு. கேட்டாச்சுன்னு அடையாளமாம்.” பள்ளி விடுமுறையில் இரண்டொரு நாள் உன்னைக் கூட்டிப் போயிருந்தாரே, அப்போது பார்த்திருக்கிறாய். நான் தொட்டியைக் கீழே போட்டேன். வெளியில் போய்த் தடவிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த நாள் காலை நாம் கிளம்பினோம். ஆறு மணி, அவருடைய நேரம். பம்பு வீட்டுப் பக்கத்தில், புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் முதல் கல் நின்றது. அடியில் செங்கல் கால்வாய் போகும் வழியைக் காட்ட நட்ட கல், முகப்பில் இலாகாவின் எழுத்து வெட்டியிருந்தது. நீ பின்பக்கம் குனிந்து, “இங்கம்மா” என்றாய். மழை படாத பக்கம், மேல் விளிம்புக்குக் கீழே, விரலால் இழுத்த வெள்ளை. ஒரு நாள் தடவியது இல்லை. தடவித் தடவித் தோசை மாவு காய்ந்த மாதிரி கனத்துப் போயிருந்தது. என் கதவு நிலையில் எந்தச் சாய்வில் இழுப்பாரோ அதே சாய்வு, இடமிருந்து வலமாக மேலே ஏறும். எத்தனை வெள்ளிக்கிழமை அதைத் திட்டிக்கொண்டே கழுவியிருக்கிறேன். அந்தக் கல்லின் முன்னால் தரையில் உட்கார்ந்து, மூன்று வாரமாக அழாத அழுகையை அழுதேன். ரோட்டில் போன பால்காரர் சைக்கிளை நிறுத்தி என்ன ஏது என்று விசாரித்தார். நீதான் அவருக்குப் பதில் சொல்லி அனுப்பினாய்.

பிறகு நடந்தோம். புக்கிட் தீமா ரோட்டுக் கால்வாய் ஓரமாக இரண்டு, மூன்று, நாலு. கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக்கு எதிரே, நீ பிறந்த ஆஸ்பத்திரிக்கு நேர் எதிரே, ஐந்தாவது. நியூட்டன் சதுக்கத்தில் ஒரு கல்லைத் தேடி அரை மணி நேரம் சுற்றினோம். ரொட்டிக் கடைக்காரர் அதன்மேல் பலகை போட்டு நாற்காலியாக்கி வைத்திருந்தார். எழுந்திரிக்கச் சொல்லி அடியில் பார்த்தோம், இருந்தது. ஒவ்வொரு கல்லிலும் நீ விரலை வைத்து எண்ணினாய். தாம்சன் ரோட்டில் ஏறி வெயிலும் ஏறியபோது உன் செருப்பு அறுந்தது. திரும்பிப் போகலாமா என்று கேட்டேன். “அப்பா திரும்பி வருவாரா பாதில?” என்று கேட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நீ முன்னால் நடந்தாய். இன்றைக்குக் காய்ச்சல் என்று சொன்ன வாய்தான் அன்றைக்கு அப்படிக் கேட்டது.

பதினைந்தாவது கல்லுக்குப் பிறகு ரோட்டோரத்தில் கல் இல்லை. இரும்புக் குழாய் ரோட்டோடு போகிறது, அதன் மூடிகள் தெரிந்தன. செங்கல் கால்வாயின் கல் மட்டும் காணோம். நான் சோர்ந்துபோய் நின்றேன். நீதான் இடப்பக்கம் கீரைத் தோட்டத்துக்குள் சாம்பலாக ஒன்று நிற்பதைக் காட்டினாய். பதினாறு. அங்கிருந்து பன்றிக் கொட்டகை, குளம், தகரக் கூரை வீடுகள் என்று கம்பத்துக்குள் போனது வழி. பதினேழாவது கல் ஒரு லோங்காங்கின் கரையில் இருந்தது, சுண்ணாம்போடு. அதற்கப்புறம் கரையில் ஒரு பெரிய வாய் திறந்திருந்தது. மண் உள்ளே போய், பழைய செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கரைக்குக் கீழே சாக்கடைத் தண்ணீரில் பதினெட்டாவது கல் சாய்ந்து கிடந்தது. நீ இறங்கப் போனாய், நான் உன் சடையைப் பிடித்து இழுத்தேன். மேலிருந்தே பார்த்தோம். தண்ணீருக்கு மேலே தெரிந்த ஒரு மூலையில் வெள்ளையாக இருந்தது.

நாம் நிற்பதைப் பார்த்துத் தோட்டத்துச் சீன அம்மா மண்வெட்டியோடு வந்தார். நான் கடைத்தெரு மலாயில், குடிகாரனாமே, இங்கே விழுந்த ஆள், என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன், அவர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. “மாபோக் தாடா” என்றார், குடியே இல்லை. தினமும் வருவான், கம்பியை வைத்து மண்ணைக் கேட்பான், தன் பிள்ளைகளிடமும் காது கொடுத்துக் கேட்கச் சொல்வான். அன்றைக்குக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. அந்தக் கரையில் குந்திக் கீரை கழுவிக்கொண்டிருந்த தன்னைப் பார்த்து, போ, போ என்று கையை வீசினான். தான் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டாராம். அவன் திரும்பக் கம்பியை ஊன்றிக் காதை வைத்தான். அதற்குள் கரை போய்விட்டது. இதையெல்லாம் மலாயும் சீனமும் கையுமாகச் சொன்னார். போலீசிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். “தாடா ஓராங் தான்யா” என்றார். யாரும் கேட்கவில்லை. பூமிக்கடியில் இருப்பதையெல்லாம் கேட்டவரைப் பற்றி, பக்கத்து வீட்டில் வாய் திறந்து கேட்க ஓர் ஆள் இல்லை. அதில் நானும் ஒருத்தி.

மீதிக் கற்களையும் விடாமல் நடந்தோம். நீர்த்தேக்கத்தின் வாசலில் முப்பத்தொன்றாவது கல். அதிலும் இருந்தது. அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நீ என் மடியில் தூங்கிப்போனாய்.

இலாகா ஆபீசுக்கு நாம் எத்தனை தடவை போனோம் என்று எனக்கு எண்ணிக்கை இல்லை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, உனக்குப் பள்ளிக்கூட இங்கிலீஷ் தெரியும். அது போதும் என்று உன்னை முன்னால் நிறுத்தினேன். “எழுதினது எழுதினதுதாம்மா, வீட்டுக்குப் போங்க” என்றார் வாசலில் இருந்தவர். நான் போகவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தேன். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, நம்மைத் தாண்டிப் போய்ப் போய்ச் சலித்த புதுத் துரை, காரில் வந்து பார்க்கிறேன் என்றார். கார் தோட்டத்துக்குள் போகாது, இறங்கி நடக்க வேண்டும் என்று சொல்லச் சொன்னேன். நடந்தார், சேற்றில் சப்பாத்துக் காலை இழுத்து இழுத்து நடந்தார். ஓவர்சியரும் பின்னால் வந்தான். இது எங்கள் லைன் இல்லை, ரோட்டோடு போவதுதான் எங்கள் லைன் என்று அவன் துரையிடம் சொன்னதை நீ எனக்குச் சொன்னாய். சொல்லிவிட்டு, நான் சொல்லிக்கொடுக்காமலே, பதினேழாவது கல்லுக்குப் போய்ச் சேற்றைக் கையால் துடைத்து, வெட்டியிருந்த எழுத்தைக் காட்டி, துரையிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டாய். என்ன கேட்டாய் என்று அப்புறம் சொன்னாய். “இது உங்க எழுத்துத்தானேன்னு கேட்டேன்மா.” துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இடிந்த கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

குடிபோதையில் என்ற சொல்லை அடித்துவிட்டார்கள். அதற்கு மேலே, பணியில் இருக்கும்போது என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார் துரை. வேறு ஒன்றும் மாறவில்லை, குவாட்டர்ஸும் போயிற்று. எனக்கு அது போதும். அந்தக் காகிதம் பெட்டியில் உன் சான்றிதழ்களுக்கு அடியில் இருக்கிறது.

இனி என் குற்றம். தேக்காவுக்கு வந்து, இந்த மாடி அறையில் குடியேறி, நான் மார்க்கெட்டில் மசாலா அரைத்து விற்கத் தொடங்கிய முதல் மாதம், உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். படிவத்தை நிரப்பிய டீச்சர், தகப்பனார் எப்படி இறந்தார் என்று கேட்டார். பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். லோங்காங் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று எனக்குத் தெரியும், அவர்கள் பார்க்கப் போகும் பார்வையும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெம்பில்லை. காய்ச்சல் என்றேன். நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். நான் உன் தோளை அழுத்தினேன். ஒரு துரையைச் சேற்றில் நடக்க வைத்து ஒரு சொல்லை அடிக்க வைத்தவள், மாதம் ஒன்று முடிவதற்குள் என் வாயாலேயே இன்னொரு பொய்யை எழுத வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னது என் சொல். அதை உன் வாயில் வைத்தவள் நான். அன்றைக்கு அழுத்திய கையை இன்றைக்கு எடுக்கிறேன்.

அத்தனை வருடமும் அந்தப் பொய் நமக்கு என்ன வாங்கிக் கொடுத்தது? தண்ணீரைப் பங்கிட்டு விட்ட வருடம், பொதுக்குழாயில் வாளியோடு நின்றபோது, வரிசையில் ஒருத்தி, இந்தத் தண்ணி இலாகாக்காரனுங்க தின்னுட்டுத் தூங்கறானுங்க என்றாள். நீ வாளியை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. காய்ச்சலில் செத்தவருக்காகச் சண்டை போட முடியாது, செல்வி. மண்ணோடு போனவருக்காகத்தான் போட முடியும். பொய்யைச் சொன்னால் நிம்மதி என்று நினைக்கிறோம், கடைசியில் நம் ஆளுக்காக எழுந்து நிற்கும் உரிமையைத்தான் இழக்கிறோம். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறக்கும். தாத்தா எங்கே என்று கேட்கும். அதற்கும் காய்ச்சல் என்று சொல்வாயா?

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. படித்த குடும்பம், ஆபீஸ் வேலை, எல்லாம் கூடி வரும் நேரத்தில் லைன்மேனும் லோங்காங்கும் எதற்கு என்று நினைத்திருப்பாய். ஆனால் ஒன்று யோசித்துப் பார். உன் அப்பாவைக் குடிகாரன் என்று எழுதிக் கொடுத்தவன் ஓர் ஓவர்சியர். அந்தப் பட்டத்தையே உன் அப்பா தலையில் கட்டி, ரோஜாப்பூ அச்சடித்த தாளில் ஊருக்குக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த அம்மாவுக்குத் தெரியாது, அவர் மேல் தப்பில்லை. உனக்குத் தெரியும்.

அதனால் நான் சிலவற்றைச் செய்துவிட்டேன். உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். நேற்று சிராங்கூன் ரோட்டு அச்சகத்துக்குப் போனேன். “காலஞ்சென்ற தண்ணீர்க் குழாய் லைன்மேன் அய்யாக்கண்ணு” என்று கோக்கச் சொல்லி, எழுத்துக் கோத்த பிறகு நானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அச்சகக்காரர், “வழக்கமா இப்படிப் போடறதில்லையேம்மா” என்றார். இனிமேல் போடுங்கள் என்றேன். மாப்பிள்ளையின் அத்தைக்கு முதல் பத்திரிகையை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். உன் அப்பா எப்படிச் செத்தார் என்பதையும், நான் ஏன் காய்ச்சல் என்று சொல்லி வைத்தேன் என்பதையும் நானே சொல்வேன். அவர் கேட்டுவிட்டு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றால், பூக்கடையில் சொல்லி வைத்த மாலையை ரத்து செய்வது என் பொறுப்பு. உனக்கு அழுகை வரும், வரட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். அப்படிப் போகிற இடத்தில் நீ வாழ வேண்டியதில்லை என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இருக்கிறது.

மாப்பிள்ளையிடம் மட்டும் நான் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவரை மெக்கன்சி ரோட்டுக்கு வரச் சொல். முதல் கல் இன்னும் நிற்கிறது, போன வாரம்கூடப் பார்த்தேன். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, ஆனால் விரல் போன தடம் தெரிகிறது. அங்கிருந்து நடங்கள். நடுவில் வீடு கட்டியிருக்கிறார்கள், ரோடு அகலப்படுத்தியிருக்கிறார்கள், சில கற்கள் இருக்காது. இருக்கும் வரை காட்டு. பாதியில் கால் வலிக்கிறது என்று அவர் பஸ்ஸைப் பார்த்தால் அதையும் கவனித்துக்கொள். ஆனால் அந்தப் பிள்ளை நடப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன் செருப்பு அறுந்த கதையைச் சொல், அவருக்குப் பிடிக்கும்.

கடைசியாக ஆரத்தி. நாலு சுமங்கலிகள் இருக்கிறார்கள் என்றாரே, இருக்கட்டும், அவர்களும் எடுக்கட்டும். முதல் ஆரத்தி நான் எடுக்கப் போகிறேன். தாலியில்லாதவள் மணமேடைக்கு முன்னால் வரக்கூடாது என்று யாராவது சொன்னால், என் புருஷன் எப்படிச் செத்தார் என்று அங்கேயே, மைக்கைப் பிடித்துச் சொல்வேன். அதற்குப் பிறகும் தடுக்கிறவர்கள் தடுத்துப் பார்க்கட்டும். தாம்பாளத்தில் ஊற்றும் தண்ணீர் நம் அறைக் குழாயில் பிடித்தது. மஞ்சள் நான் அரைத்தது. அதைச் சிவக்க வைக்கும் சுண்ணாம்பு நேற்றுத் தேக்காவில் வாங்கியதுதான், ஆனால் அதை அவருடைய பித்தளை டப்பியில் போட்டு வைத்திருக்கிறேன். சாக்கடையிலிருந்து எடுத்தபோது அவர் மடியில் இருந்த டப்பி. ஆரத்தியைத் தொட்டு உன் நெற்றியில் பொட்டு வைத்த பிறகு விரலில் கொஞ்சம் மிஞ்சும். அதை மண்டபத்துக் கதவு நிலையில்தான் துடைப்பேன், இடமிருந்து வலமாக, மேலே ஏறும்படி. யாரும் கழுவக்கூடாது.

உன் அம்மா